குட்டி ரோபோ வரும் வரை அப்பா காத்திருக்கலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். என் அப்பாவுக்கு 68 வயது. கொதிகலன் குழாய் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறு மாதமாக ஒரே சோர்வு, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 7.2. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். வாய் வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் ஸ்கோப் விட்டுப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. ‘சிறுகுடலில் எங்கோ கசிகிறது, கேமரா கேப்ஸ்யூல் விழுங்கிப் பார்க்க வேண்டும்’ என்கிறார் எங்கள் டாக்டர். இந்த நேரத்தில் என் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். ரப்பர் துண்டு மாதிரி ஒன்று நடக்கிறது, உருள்கிறது, குதிக்கிறது, தண்ணீரில் நீந்துகிறது. ‘உடம்புக்குள் போய் மருந்து வைத்துவிட்டு வரும் ரோபோ’ என்று கீழே எழுதியிருந்தது. அதிலிருந்து அப்பா, “கேமரா சும்மா பார்க்கத்தானே செய்யும்? இது பார்த்து அடைச்சிட்டும் வந்துடும். ஒரு வருஷம் பொறுத்துக்கலாம்” என்கிறார். அவருக்குச் சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. மூட்டுவலி மாத்திரை தவிர வேறு எதுவும் சாப்பிடுவதில்லை. அந்த ரோபோ உண்மையா? எப்போது வரும்? காத்திருக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரி,

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காத்திருக்க வேண்டாம். ஒரு வருடம் மட்டுமல்ல, ஒரு மாதம்கூட வேண்டாம். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘மூட்டுவலி மாத்திரை தவிர வேறு எதுவும் சாப்பிடுவதில்லை.’ நான் படித்துக்கொண்டே வந்து அந்த வரியில் நின்றுவிட்டேன். உங்கள் அப்பாவின் விஷயத்தில் அதுதான் முக்கியமான வரியாக இருக்கலாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வீடியோ. அது பொய் இல்லை. நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால், ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் மெட்டின் சிட்டி என்பவரின் குழு செய்த ரோபோவாகத்தான் இருக்க வேண்டும். 2018-இல் நேச்சர் இதழில் அந்த ஆய்வு வெளியானது. துண்டின் நீளம் 3.7 மி.மீ., அகலம் 1.5 மி.மீ., கனம் 0.185 மி.மீ. ஒரு நொய்யரிசியைத் தட்டையாக்கினால் எப்படி இருக்குமோ அந்த அளவு. கனம் இரண்டு தாளைச் சேர்த்துப் பிடித்தது போல.

அப்பா ஃபிட்டர் என்பதால் அது எப்படி வேலை செய்கிறது என்பதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள், கேட்க ஆசைப்படுவார். சிலிகான் ரப்பரில் நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த பலமான காந்தத்தின் நுண்பொடியைக் கலந்து, மெல்லிய ஏடாக வார்த்து, சின்னத் துண்டாக வெட்டுகிறார்கள். அந்தத் துண்டை ஒரு மெல்லிய கம்பியில் சுற்றி, சுற்றிய நிலையிலேயே பலத்த காந்தப்புலத்தில் வைத்துக் காந்தமாக்குகிறார்கள். பிறகு கம்பியிலிருந்து பிரித்து நேராக்கினால், துண்டின் ஒவ்வொரு இடத்திலும் காந்தத்தின் திசை வேறு வேறாக இருக்கும். சூட்சுமமே இதில்தான். இப்போது வெளியே, சுற்றிலும் வைத்திருக்கும் கம்பிச் சுருள்களில் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்துப் புலத்தின் திசையை மாற்றினால், துண்டின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாகத் திரும்பப் பார்க்கும். அதனால் முழுத் துண்டும் பிறை போல வளைகிறது, அலை போல நெளிகிறது. ஒரு முனையை ஊன்றி மறு முனையை எடுத்து வைத்தால் நடை. முழுதாகச் சுருண்டால் உருளல். சட்டென்று வளைத்து விட்டால் தாவல். குறுகலான துளைக்குள் புழு மாதிரி நெளிந்து போகும். நீர்ப்பரப்பின் விளிம்பில், கண்ணாடிச் சுவரை ஒட்டி நீர் மேலேறி நிற்குமே, அந்தச் சின்னச் சரிவில்கூட ஏறும்.

அதற்குள் மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது, கேமரா கிடையாது. மூளை முழுவதும் வெளியே இருக்கிறது. அந்த அளவுக்குச் சுருக்கிய பேட்டரியில் எதையும் நகர்த்தும் சக்தி தங்காது. காந்தப்புலமோ தோல், கொழுப்பு, தசை எல்லாவற்றையும் ஒன்றும் செய்யாமல் ஊடுருவிப் போகும். அதனால்தான் உலகம் முழுக்க இந்தத் துறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் காந்தத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அது ஏன் ரப்பர் மாதிரி மென்மையாக இருக்க வேண்டும் என்று அப்பா கேட்பார். என் வேலையில் இருப்பவர்களுக்கு இது கை அறிந்த விஷயம். சிறுகுடலின் சுவர் முழுக் கனமே 3 மி.மீ.க்குள்தான். கொலனோஸ்கோப்பி செய்யும்போது பெருங்குடலின் வளைவில் ஸ்கோப் போய் முட்டும். கண்ணுக்குத் திரையில் எதுவும் மாறாது, விரலுக்கு மட்டும் ஒரு கனம் தெரியும். அந்தக் கணத்தில் தள்ளக் கூடாது. பின்னால் இழுத்து, வளைவைத் தளர்த்தி, காற்றை உறிஞ்சி, மறுபடி மெதுவாகப் போக வேண்டும். தள்ளினால் குடல் கிழியும். இதைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு வருடங்கள் ஆகின்றன. ரப்பர் துண்டு முட்டினால் அதுவே மடங்கிக்கொள்ளும்; கிழிக்கும் பலம் அதற்கு இல்லை. அந்த வீடியோவை முதன்முறை பார்த்தபோது நானும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தாவலைவிட, இடுக்கில் அது தன்னை ஒடுக்கிக்கொண்டு நுழையும் இடம்தான் என்னைக் கட்டிப்போட்டது.

சரி, அது எதற்குள் நடந்தது? செயற்கையாகச் செய்த இரைப்பை மாதிரிக்குள் நடந்தது. கோழித் தசைக்குள் அதை விட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி நகர்த்தினார்கள். உயிருள்ள மனிதருக்குள் விடவில்லை. உங்கள் தம்பி அனுப்பிய வாக்கியத்தில் ‘வரும்’ என்று ஒரு சொல் இருக்கிறது. நம் மொழியில் அந்தச் சொல் இரண்டு வேலை பார்க்கும். தினம் ஆறு மணிக்கு வரும் பஸ்ஸும் ‘வரும்’தான், என்றைக்கோ வரப்போகும் பஸ்ஸும் ‘வரும்’தான். அப்பா முதல் அர்த்தத்தில் படித்துவிட்டார். ஆய்வாளர்கள் சொன்னது இரண்டாவது அர்த்தத்தில்.

இந்தத் துறையில் வேறு என்ன நடக்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இதை வெறும் விளையாட்டு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் டேனியலா ரஸ் குழு 2016-இல் காகிதம் போல மடியும் ஒரு ரோபோவைக் காட்டியது. சாசேஜ் செய்யப் பயன்படும் பன்றிக் குடல் உறையில் அதைச் செய்து, மடித்து, ஐஸ் கேப்ஸ்யூலுக்குள் வைத்தார்கள். செயற்கை இரைப்பைக்குள் ஐஸ் உருகியதும் அது விரிந்து, வெளியிலிருந்து காந்தத்தால் ஓட்ட ஓட்ட, அங்கே கிடந்த ஒரு பட்டன் பேட்டரியைப் பிடித்து இடம் பெயர்த்தது. (பட்டன் பேட்டரி என்றதும் சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை: பிள்ளை விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி இரண்டே மணி நேரத்தில் சுவரைக் கருக்கிவிடும். பழம் கொடுத்துப் பார்க்கலாம், காலையில் வெளியே வந்துவிடும் என்று இருக்காதீர்கள்.)

சுவிட்சர்லாந்தில், சூரிக் நகரின் இ.டி.ஹெச். பல்கலைக்கழகத்தில் பிராட்லி நெல்சன் குழு 2025-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டது இன்னும் ஒரு படி மேலே. கரையக்கூடிய ஜெல்லில் ஒரு குட்டி உருண்டை. காந்தத்துக்கு இரும்பு ஆக்சைடு நுண்துகள், எக்ஸ்ரேயில் தெரிவதற்கு டான்டலம் என்ற உலோகத் துகள், கூடவே மருந்து. மெல்லிய குழாய் வழியாக ரத்தநாளத்தில் அதைக் கொண்டுபோய் விட்டு, காந்தத்தால் வழிநடத்தி, சேர வேண்டிய இடம் வந்ததும் காந்தப்புலத்தாலேயே சூடாக்கிக் கரைக்கிறார்கள். பன்றிகளிலும், ஆட்டின் மூளைத் தண்டுவட நீரிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் கால்டெக்கின் வெய் காவ் குழு, எலிகளின் சிறுநீர்ப்பைப் புற்றுக்கு இப்படி ஒரு நுண்ரோபோ வழியாக மருந்து கொடுத்தது 2024-இல். நம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அம்பரீஷ் கோஷ் குழு திருகாணி வடிவில் நுண்ரோபோக்களைச் செய்து, பல்லின் உள்ளே உள்ள மிகக் குறுகிய குழல்களுக்குள் காந்தத்தால் சுழற்றி ஆழமாக இறக்கியிருக்கிறது. வேர்ச்சிகிச்சைக்குப் பிறகும் அந்தக் குழல்களில் பதுங்கிக்கொள்ளும் பாக்டீரியாவைச் சூட்டால் கொல்வதற்காக. அது ரப்பர் இல்லை, சிலிக்கா திருகாணி. ஆனால் கம்பியில்லாமல் வெளியிலிருந்து ஓட்டுவது என்ற எண்ணம் ஒன்றுதான்.

எலி, பன்றி, ஆடு, பிடுங்கிய பல் என்று நான் அடுக்குவதைக் கவனித்திருப்பீர்கள். மனிதச் சிறுகுடல் இந்த வரிசையில் இல்லை. ஏன் இல்லை என்று சொன்னால்தான் அப்பாவுக்குச் சமாதானம் ஆகும்.

காந்தத்தின் பிடி தூரத்தில் சட்டென்று விழுந்துவிடும். தூரம் இரண்டு மடங்கானால் புலம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆய்வுக்கூடத்தில் கம்பிச் சுருள்களுக்கு நடுவே இருப்பது ஒரு சின்னக் கிண்ணம். இங்கே நடுவே படுக்க வேண்டியது ஒரு முழு மனிதர். அதே பிடியை அவர் வயிற்றின் நடுவில் கொண்டுவர எவ்வளவு பெரிய சுருள், எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று அப்பாவே கணக்குப் போட்டுச் சொல்வார்.

அடுத்தது, அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்குக் கண் கிடையாது என்றேனே. வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டும். அல்ட்ராசவுண்ட் காற்றைத் தாண்டாது. குடலில் ஆங்காங்கே காற்று இருக்கும். எக்ஸ்ரேயில் பார்க்கலாம், ஆனால் மணிக்கணக்கில் எக்ஸ்ரே காட்டிக்கொண்டே இருக்க முடியாது.

அப்புறம் குடல் ஒரு சும்மா கிடக்கும் குழாய் இல்லை. அப்பா வேலை பார்த்த குழாயில் ஆவியும் தண்ணீரும்தான் ஓடும், குழாய் அசையாது. குடலோ தானே அலையலையாகச் சுருங்கி விரியும். உள்ளே பசை மாதிரிச் சளி, பச்சையும் மஞ்சளுமாகப் பித்தநீர், நுரை. அதன் நீளம் ஐந்தாறு மீட்டர், அத்தனையும் சுருட்டி மடித்துக் கிடக்கிறது. அந்தத் தள்ளுமுள்ளில் நொய்யரிசி அளவு ரப்பரை ஓர் இடத்தில் நிறுத்தி, ரத்தம் கசியும் புள்ளியை அடைப்பது என்பது இன்று யாராலும் முடியாத காரியம். அவ்வளவு சின்ன உடம்பில் எவ்வளவு மருந்து ஏற்ற முடியும் என்பது வேறு.

இன்னொரு பயமும் உண்டு. நியோடிமியம் காந்தம் உடம்புநீரில் அரிக்கக்கூடியது. அதற்கு ஏற்ற பூச்சு வேண்டும், வேலை முடிந்ததும் முழுசாக வெளியே வர வேண்டும். விளையாட்டுக் காந்த உருண்டைகளைக் குழந்தைகள் விழுங்கிவிட்டு வரும்போது எங்களுக்குக் கை நடுங்கும். குடலின் ஒரு மடிப்பில் ஒன்று, பக்கத்து மடிப்பில் இன்னொன்று இருந்து இரண்டும் இழுத்து ஒட்டிக்கொண்டால், நடுவில் சிக்கிய சுவர் ரத்த ஓட்டம் இல்லாமல் ஓட்டையாகிவிடும். ரப்பர் துண்டின் காந்தம் அவ்வளவு பலமானது இல்லைதான். ஆனாலும் மனித உடம்புக்குள் அனுமதிப்பவர்கள் இந்தக் கேள்வி எல்லாவற்றுக்கும் பதில் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும்.

ஆகவே ‘எப்போது வரும்’ என்பதற்கு நான் தேதி சொல்ல மாட்டேன். தேதி சொல்பவரை நீங்களும் நம்ப வேண்டாம். என் கணிப்பு இதுதான்: குழாய் வழியாகப் பக்கத்தில் கொண்டுபோய் விடக்கூடிய இடங்களில், அதாவது மூளை ரத்தநாளம், சிறுநீர்ப்பை, பல் போன்ற இடங்களில் இது முதலில் வரும். நீண்டு சுருண்டு கிடக்கும் சிறுகுடலுக்குக் கடைசியாகத்தான் வரும். இடையில் யாராவது ‘எங்களிடம் அந்த ரோபோ சிகிச்சை இப்போதே இருக்கிறது’ என்று சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் ‘ரோபோட்டிக் சர்ஜரி’ என்று போர்டு வைத்திருப்பது வேறு விஷயம். அங்கே சர்ஜன் ஒரு மேசையில் உட்கார்ந்து இயந்திரக் கைகளை ஓட்டுகிறார். நல்ல சிகிச்சைதான், அதற்கும் இந்த ரப்பர் துண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

இப்போது அப்பா ‘சும்மா பார்க்கத்தானே செய்யும்’ என்று ஒதுக்கிய கேமரா கேப்ஸ்யூலுக்கு வருவோம். உண்மையில் அந்த ரப்பர் துண்டின் அண்ணன் இதுதான். கம்பி இல்லாமல், விழுங்கக்கூடிய அளவில், மனித உடம்புக்குள் பத்திரமாகப் போய் வந்த கருவி. கவ்ரியல் இட்டான் என்ற இஸ்ரேலியப் பொறியாளர், ஏவுகணைக்குக் கண் மாதிரிப் பொருத்தும் கேமராக்களில் வேலை பார்த்தவர், இதை உருவாக்கினார். 2000-இல் அறிவித்தார்கள், 2001-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நீளம் சுமார் 26 மி.மீ., அகலம் 11 மி.மீ. கொஞ்சம் பெரிய வைட்டமின் மாத்திரை அளவு. இடுப்பில் ஒரு பெல்ட், அதில் பதிவுக் கருவி. விழுங்கிவிட்டு எட்டு மணி நேரத்துக்கும் மேல் அவர் பாட்டுக்கு நடமாடலாம். ஐம்பதாயிரம் படங்களுக்கு மேல் வரும்.

அந்தப் படங்களை உட்கார்ந்து பார்ப்பது எங்கள் வேலை. நான் பெரும்பாலும் சாயங்காலம், ஓ.பி. முடிந்து, போனை அணைத்துவிட்டுப் பார்ப்பேன். சிறுகுடலின் உட்சுவரை நீங்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும். தண்ணீர் நிற்கும் நாற்றங்கால் மாதிரி இருக்கும். லட்சக்கணக்கான மெல்லிய முளைகள், குடலுறிஞ்சிகள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து அசைந்துகொண்டிருக்கும். பத்து நிமிடம், இருபது நிமிடம், நாற்றங்கால் போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரு படத்தில், இரண்டே படத்தில், செர்ரிப் பழ நிறத்தில் ஒரு சின்னச் சிலந்திப் புள்ளி. அல்லது நாற்று இல்லாமல் வழுக்கையாக ஒரு திட்டு, நடுவில் வெள்ளைப் புண். மாதக்கணக்கில் ஒருவரைப் படி ஏற விடாமல் செய்தது அதுதான் என்று தெரியும்போது, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

உங்கள் அப்பாவுக்கு இரண்டு ஸ்கோப்பும் சரி என்று வந்ததற்கு அர்த்தம் கசிவு இல்லை என்பதல்ல. மேலே விடும் ஸ்கோப் சிறுகுடலின் தொடக்கம் வரை போகும். கீழே விடுவது சிறுகுடலின் கடைசிச் சில சென்டிமீட்டரை எட்டிப் பார்க்கும். நடுவில் உள்ள ஐந்தாறு மீட்டரை யாரும் இன்னும் பார்க்கவில்லை. அப்பாவிடம் இப்படிக் கேளுங்கள்: குழாய் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் வெல்டிங் கம்பியை எடுப்பாரா? வீடியோவில் உள்ள ரோபோ நாளைக்கே வந்தாலும், எந்த இடத்துக்கு ஓட்டுவது என்று முதலில் ஒருவர் சொல்ல வேண்டும்.

காத்திருக்கக் கூடாது என்பதற்கு முக்கியக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. கசிவு விட்டு விட்டு வரும். ரத்தம் கசிந்த நேரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் கேப்ஸ்யூல் போகிறதோ, அவ்வளவு அதிகமாகக் காரணம் அகப்படும். மலம் கறுத்துப் போகும் அளவுக்குக் கசிந்தால் இரண்டு நாளுக்குள் விழுங்குவது சிறப்பு. தள்ளிப் போடப் போட, புண் ஆறின மாதிரி மறைந்து நின்று, நாம் பார்த்துவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்ல, அது மறுபடி திறக்கும். இந்த வயதில் ஹீமோகுளோபின் இப்படி இறங்கினால் இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. அதோடு, இந்த வயதில் சிறுகுடல் கசிவுக்குச் சில சமயம் கட்டியும் காரணமாக இருக்கும். பயமுறுத்தச் சொல்லவில்லை. சீக்கிரம் பார்த்தால் வழி இருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

காந்தத்தால் ஓட்டும் கேப்ஸ்யூல் இல்லையா என்று அப்பா கேட்டால், இருக்கிறது. நோயாளி படுத்திருக்க, மேலே ஒரு இயந்திரக் கை பெரிய காந்தத்தை நகர்த்த, உள்ளே கேப்ஸ்யூல் திரும்பித் திரும்பிப் படம் எடுக்கும். சீனாவில் உருவானது, அமெரிக்காவிலும் 2020-இல் அனுமதி பெற்றது. ஆனால் அது இரைப்பையைப் பார்ப்பதற்கு. அப்பாவின் இரைப்பையை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது.

இனி அந்த மூட்டுவலி மாத்திரை.

என்ன மாத்திரை, எத்தனை வருடமாக, தினமும் எத்தனை? டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகையாக இருந்தால், சிறுகுடலில் புண் உண்டாக்கி மெல்ல மெல்ல ரத்தம் கசிய வைக்கும் காரணங்களில் அதுவே முன்னால் நிற்கும். பல பேர் கூடவே ஒரு ‘கேஸ் மாத்திரை’ போடுகிறோம், அதனால் ஒன்றும் ஆகாது என்பார்கள். கேஸ் மாத்திரை இரைப்பையையும் அதை ஒட்டிய தொடக்கப் பகுதியையும்தான் காக்கும். அதற்குக் கீழே உள்ள சிறுகுடலைக் காக்காது. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்கி, இத்தனை வருடம் கொதிகலனடியில் குனிந்து நிமிர்ந்து தேய்ந்த முட்டிக்கு அவர் தினம் போட்டுக்கொண்டிருந்தால், அவர் மேல் தவறு சொல்ல மாட்டேன். வலி அவருக்கு. ஆனால் இன்றைக்கே உங்கள் டாக்டரிடம் அந்த அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வலிக்கு வேறு வழி இருக்கிறது. பாராசிட்டமால், முட்டிக்கான பயிற்சி, தேவைப்பட்டால் ஊசி என்று எலும்பு மருத்துவர் சொல்வார். இதயத்துக்கு ஆஸ்பிரின் போன்றது ஏதாவது எடுத்துக்கொள்கிறார் என்றால் மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், அதைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இந்த மாத்திரை கேப்ஸ்யூல் விஷயத்தையும் பாதிக்கும். வருடக்கணக்கில் எடுத்தவர்களுக்குச் சில சமயம் சிறுகுடலின் உள்ளே வளையம் வளையமாகச் சவ்வு கட்டி வழி குறுகிப்போயிருக்கும். அந்த வளையத்தில் கேப்ஸ்யூல் சிக்கிக்கொள்ளலாம். ரத்தக்கசிவுக்காகக் கேப்ஸ்யூல் விழுங்கும் நூறு பேரில் ஒருவர் இருவருக்கு இப்படி ஆகும். பல வருடம் முன்பு என்னிடம் வந்த ஒருவர் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லவில்லை, நானும் துருவிக் கேட்கவில்லை. கேப்ஸ்யூல் மூன்று வாரம் ஒரே இடத்தில் நின்றது. கடைசியில் அறுவைசிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டியிருந்தது. குறுகிய பகுதியையும் சேர்த்து எடுத்ததில் அவர் நலமானார். ஆனால் முன்பே தெரிந்திருந்தால் வேறு வழியில் போயிருப்பேன். அன்றிலிருந்து கேப்ஸ்யூல் கொடுக்கும் முன் எல்லோரிடமும் மூட்டுவலி, தலைவலி, இடுப்புவலி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறேன்.

அதனால் உங்கள் டாக்டரிடம் இந்த மாத்திரையைச் சொன்னதும், அவர் முதலில் சிறுகுடலுக்கான சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். அல்லது வழி திறந்திருக்கிறதா என்று பார்க்க, சிக்கினால் தானே கரைந்துவிடும் வெள்ளோட்டக் கேப்ஸ்யூல் ஒன்றை விழுங்கக் கொடுக்கலாம். இது தாமதம் இல்லை, ஒழுங்கு. அப்பாவுக்கு முன்பு வயிற்றில் ஏதாவது ஆபரேஷன் நடந்திருந்தாலோ, எப்போதாவது காசநோய் வந்திருந்தாலோ, சாப்பிட்ட பிறகு வயிறு முறுக்கி வாந்தி வருகிறது என்றாலோ அதையும் சொல்லுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் அதுவும்.

‘பார்த்து அடைத்துவிட்டும் வர வேண்டும்’ என்று அப்பா கேட்பது நியாயமான ஆசைதான். அதற்கும் இன்று கருவி இருக்கிறது. ஜப்பானில் ஹிரோனோரி யமமோட்டோ என்ற மருத்துவர் கொண்டுவந்த இரட்டை பலூன் ஸ்கோப். 2001-இல் அதை வெளியுலகுக்குச் சொன்னார். நீளமான ஸ்கோப், அதன் மேல் ஓர் உறைக்குழாய், இரண்டின் நுனியிலும் ஒவ்வொரு பலூன். ஒன்றை ஊதிக் குடலைப் பிடித்து, மற்றதை முன்னே செலுத்தி, இரண்டையும் சேர்த்துப் பின்னால் இழுத்தால் குடல் சுருங்கி ஸ்கோப்பின் மேல் வந்து சேரும். பாவாடையில் நாடா கோக்கும்போது ஊக்கின் மேல் துணி சுருங்கிச் சுருங்கி ஏறுமே, அதே மாதிரி. அப்படிப் போய்ப் புள்ளியைச் சுட்டு அடைக்கலாம், கிளிப் போடலாம், சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம். மேலிருந்து போவதா கீழிருந்து போவதா என்று முடிவு செய்யக் கேப்ஸ்யூல் படம்தான் வழி காட்டும். அதனால்தான் பார்ப்பது முதலில் வருகிறது. எல்லா ஊரிலும் இந்த ஸ்கோப் இருக்காது. உங்கள் டாக்டர் எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்வார். கேப்ஸ்யூல், ஸ்கோப் இரண்டுமே செலவு பிடிக்கும். காப்பீட்டில் வருமா என்று முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரத்தம் ஏற்றியபோது இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்திருக்கலாம். அது மலத்தைக் கறுப்பாக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் தார் மாதிரிப் பிசுபிசுப்பாக, ஒரு விதமான கெட்ட வாடையோடு போனால் அது ரத்தம். அதோடு தலைசுற்றல், நெஞ்சுவலி, வியர்வை என்று எது சேர்ந்தாலும் இரவு என்று பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கேப்ஸ்யூலுக்குச் சில நாள் முன்பே இரும்பு மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். குடல் சுவரில் கறுப்புப் படிந்து படம் தெரியாமல் போகும் என்பதால். முந்தின நாள் லேசான சாப்பாடு, ராத்திரி பேதிக்கு மருந்து, காலையில் வெறும் வயிறு. விழுங்கிய பிறகு எப்போது தண்ணீர், எப்போது சாப்பாடு என்று அங்கேயே சொல்லி அனுப்புவார்கள்.

விழுங்கிய அன்று, முடிந்தால், பதிவுக் கருவியில் ஓடும் படத்தைக் கொஞ்ச நேரம் அப்பாவுக்குக் காட்டச் சொல்லுங்கள். பல கருவிகளில் அந்த வசதி உண்டு. ஆயுள் முழுக்கக் குழாய்களின் உட்பக்கத்தைப் பார்த்தவர், தன் குடலையும் ஒரு தடவை பார்க்கட்டும். அவர் மனசு இளகும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேப்ஸ்யூல் மலத்தோடு வெளியே வந்துவிடும், தேடி எடுத்துத் தர வேண்டியதில்லை. வந்ததா என்று மட்டும் கவனியுங்கள். வரும் வரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கவே கூடாது. இரண்டு வாரம் ஆகியும் கண்ணில் படவில்லை என்றால் வயிற்றுக்கு ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.